சாவி என் கையில் இருந்தது

அன்புள்ள என் மாணவப் பிள்ளைகளே, உறவுகளே,

நேற்று ஜூலை 27. நம் கலாம் ஐயா மறைந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேறு. காலைத் திருப்பலி முடிந்ததும் பேக்கரும்புக்குப் போய் ஐயா நினைவிடத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம் என்று பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளை. இன்று நான் வேலை பார்த்த அதே பள்ளியில் ஆசிரியை. பெயர் எழுதவில்லை, அவளுக்குச் சங்கடம் வேண்டாம். முகம் வாடிப்போயிருந்தது. "ஜூன்ல ஆரம்பிச்ச தொழில்நுட்ப மன்றத்த நிறுத்தச் சொல்லிடுவாங்க போலிருக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வச்சிருக்காங்க" என்றாள்.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. வேப்பமரத்தடியில் நின்று அவள் சொன்னதை முழுவதும் கேட்டேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். டீச்சர் பாடம் எடுத்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும்தானே!

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடம் அடுத்தவர் தவறைச் சிவப்பு மையில் வட்டம் போட்டவள் நான். என்னுடையதையும் ஒருமுறை வட்டம் போட வேண்டும் அல்லவா?

2001ஆம் வருடம். நம் பள்ளி அரசு உதவி பெறும் கிறிஸ்தவ நடுநிலைப் பள்ளி. வெளிநாட்டில் இருந்த ஒரு நல்ல மனிதர் மூலமாக நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. பாம்பனில் அப்போது கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. பங்குத் தந்தை மந்திரித்தார், ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். "கணினி மன்றம்" என்று பலகை மாட்டினோம். பொறுப்பாசிரியை நான். அறைச் சாவியும் என்னிடம்.

எனக்கே கம்ப்யூட்டர் தெரியாது. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள் நான். சார்ட் அட்டையும் தீக்குச்சியும் புளியங்கொட்டையும் வைத்துக் கணக்குச் சொல்லித்தரத் தெரியும். அந்தப் பெட்டியைத் தொட எனக்குப் பயம். கெட்டுப்போனால் யார் சரிசெய்வது? நிர்வாகத்துக்கு யார் பதில் சொல்வது? அதனால் ஒரு சட்டம் போட்டேன். எண்பது மார்க்குக்கு மேல் எடுத்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம். செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். ஒருவர் தொட மற்றவர்கள் கை கட்டிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் நான்கு பெட்டிகளுக்கும் பூப்போட்ட உறை போட்டுப் பூட்டிவிடுவேன். உறை தைத்தது நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு!

அந்த வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் முப்பது தாண்ட மாட்டான். ஆனால் ஊரில் எந்த வீட்டு ரேடியோ பாடாவிட்டாலும் அவனிடம்தான் கொண்டுபோவார்கள். ஈயம் உருக்கிப் பற்றவைப்பதை யாரிடமோ பார்த்தே கற்றுக்கொண்டவன். அவன் தினமும் கம்ப்யூட்டர் அறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் கேட்டான்: "டீச்சர், நான் ஒண்ணும் தொட மாட்டேன். பின்னாடி ஒயர் எப்படிப் போகுதுன்னு மட்டும் பாத்துக்கிறேன்."

"மார்க் எடுத்துட்டு வா, பார்க்கலாம்" என்றேன்.

அவன் மார்க் எடுக்கவில்லை. எட்டாவது முடிந்ததும் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான். நான் அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை. நம் ஊரில் அப்படி எத்தனை பிள்ளைகள்!

எட்டு வருடம் கழித்து, 2009 மீன்பிடித் தடைக் காலம். மீன் வாங்கப் போனவள் கரையில் அவனைப் பார்த்தேன். கரையேற்றிய விசைப்படகின் நிழலில் ஒரு ஜி.பி.எஸ். கருவியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றி நான்கைந்து படகுக்காரர்கள், வயதில் பெரியவர்கள், அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கைலியை இறக்கிவிட்டு வணக்கம் சொன்னான். "உப்புத் தண்ணி உள்ள போயிருச்சு டீச்சர். பித்தளைப் பல்லு பச்சையா பூத்துருச்சு. தேச்சா சரியாயிரும்" என்று பாடம் நடத்தினான்.

அன்று மாலை பள்ளிக்குப் போய் அந்த அறையைத் திறந்தேன். உறையை எடுத்தேன். நான்கில் மூன்று வேலை செய்யவில்லை. தொட்டதால் கெட்டவை அல்ல, தொடாமலே உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போனவை.

தாலந்து உவமையை நான் எத்தனை மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருப்பேன்! எஜமான் கொடுத்ததைப் பத்திரமாக மண்ணில் புதைத்து வைத்தவன் கதை. அவன் திருடன் இல்லை, ஊதாரியும் இல்லை, பயந்தவன். அது என் கதைதான் என்று அன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சரி, பிறகு என்ன செய்தோம் என்பது 2009 முதல் 2017 வரை படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மார்க் சட்டத்தைக் கிழித்துப்போட்டேன். ஆறு, ஏழு, எட்டு வகுப்பில் யார் வேண்டுமானாலும் வரலாம். இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதனால் கம்ப்யூட்டர் இல்லாமல் செய்யக்கூடிய தொழில்நுட்பம் என்னென்ன என்று யோசித்தோம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

பாம்பன் பாலம் இருக்கிறதே. 1914ல் திறந்த ரயில் பாலம். நடுவில் கப்பலுக்கு வழிவிடும் இரண்டு கைகள். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் உள்ள தூக்கு அமைப்பு. அத்தனை டன் இரும்பை ஆட்கள் கம்பியைச் சுற்றியே திறந்தார்கள். எப்படி முடிந்தது? மறுபக்கத்தில் சரிசமமான எடை கட்டியிருந்ததால். கிணற்று ஏற்றத்தில் கல் கட்டுவது மாதிரிதான். இதை அட்டை, சணல், கூழாங்கல் வைத்துப் பிள்ளைகள் செய்தார்கள். கல்லின் எடை கொஞ்சம் குறைந்தால் கை தூக்காது, கூடினால் படாரென்று மேலே போகும். நெம்புகோல் பாடத்தை அதற்குப் பிறகு நான் கரும்பலகையில் நடத்தவே வேண்டியிருக்கவில்லை. இப்போது இந்த ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மோட்டார் மூலம் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. அதிலும் எதிர் எடைகள் உண்டு. நூறு வருடத்தில் கையிலிருந்து மோட்டாருக்கு வந்திருக்கிறோம், தத்துவம் மாறவில்லை. இதைவிட நல்ல பாடப்புத்தகம் எந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும்?

அடுத்தது ஜி.பி.எஸ். தசமக் கணக்கு வராத பிள்ளைகளிடம், "பாம்பன் எங்கே இருக்கிறது?" என்று கேட்பேன். 9 டிகிரி 17 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 12 நிமிடம் கிழக்கு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். வடக்கு தெற்காகப் போகும்போது ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். "அப்பா நேர் வடக்கே பத்து நிமிடம் போனால் எத்தனை கிலோமீட்டர்?" என்றால், புத்தகத்தில் தசமப் புள்ளியைக் கண்டு ஓடுகிற பையன் "பதினெட்டரை டீச்சர்" என்பான். கடலில் எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரியாது, கருவியில்தான் தெரியும். அந்த எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிவது நம் ஊரில் வெறும் கணக்குப் பாடம் இல்லை. அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிவது அது.

புயல் எச்சரிக்கைக் கூண்டும் அப்படித்தான். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் டி.வி.யில் சொல்கிறார்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்களுக்கு என்ன பொருள் என்று அட்டவணை எழுதி வாசலில் ஒட்டியது நம் மன்றம்தான். தேங்காய்ச் சிரட்டை நான்கை இரண்டு குச்சியில் குறுக்காகக் கட்டி, நடுவில் பேனா மூடி வைத்து, காற்றில் சுழலவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி எழுதினார்கள். 2016 ஆகஸ்ட் 15ல் நம் பாம்பனிலேயே "கடல் ஓசை" சமுதாய வானொலி 90.4ல் வந்த பிறகு, ரேடியோவில் சொல்லும் காற்றையும் நம் சிரட்டைக் காற்றையும் ஒப்பிட ஆரம்பித்தோம்.

கடைசியாக, அந்த ஒரே கம்ப்யூட்டர். சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் தாய்மார்களின் மகளிர் குழுக் கணக்கை எக்செல் அட்டவணையில் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் போட்டுக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, தன் மகள் தட்டியதும் வட்டி தானாகக் கூட்டி வந்ததைப் பார்த்து, அந்தத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு நல்லாசிரியர் விருது கிடைத்ததில்லை. அந்த ஒரு நாள் கிடைத்தது.

2017ல் ஓய்வு பெற்றேன். அதன்பின் மன்றம் மெல்ல நின்றுபோனது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆள் குறைவு, வேலை அதிகம், நடுவில் கொரோனா.

இப்போது அந்தப் பிள்ளை மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். மூன்று பழைய லேப்டாப், இருபத்திரண்டு பிள்ளைகள், செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம். கட்டங்களை இழுத்து ஒட்டினாலே நிரல் எழுதக்கூடிய ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருள் சொல்லித்தருகிறாள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007ல் வெளியிட்டது அது. ஏன் நிறுத்த வேண்டும் என்கிறார்கள்? அவள் சொன்ன காரணங்கள் நான்கு. மார்க் குறையும். செல்போன் பழக்கம் கூடும். பெண்பிள்ளைகள் சாயங்காலம் தாமதமாக வீடு வருகிறார்கள். இதற்கெல்லாம் நம் மாதிரிப் பள்ளிக்கு வசதி இல்லை.

"யார் முதலில் சொன்னது?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு பெயர் சொன்னாள்.

அவன்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பையன்தான். அவன் மகள் இப்போது ஏழாம் வகுப்பு.

பேக்கரும்புக்குப் போகவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் திறந்துபோட்ட ஆழமானிக் கருவி, வயர்கள், ஸ்குரூ டிரைவர். "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி சுக்குக் காப்பி கொடுத்தாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றது.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "ஏம்ப்பா, உன்னை மாதிரி ஒருத்தனே வேண்டாம்னு சொல்லலாமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "டீச்சர், மார்க் எடுத்தவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்னு நீங்கதான சொன்னீங்க. எனக்கு மார்க் இல்ல, கடலுக்குப் போனேன். இப்ப எல்லாக் கருவியும் தெரியும். ஆனா கம்பெனிக்காரன் சர்வீஸ் ஆளு வந்தா நான் தள்ளித்தான் நிக்கணும். பேப்பர் இல்ல. எம் மக மொதல்ல மார்க் எடுக்கட்டும். அப்புறம் எத வேணும்னாலும் தொடட்டும்."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். என் பாடம். இருபத்து நான்கு வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கிறான். காப்பி தொண்டையில் இறங்கவில்லை எனக்கு.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா" என்றேன். அவன் பதறிவிட்டான். "ஐயோ, நீங்க ஏன் டீச்சர்..." என்று எழுந்துவிட்டான். நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டு, மன்றத்தில் செய்ததைக் காட்டச் சொன்னேன்.

அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து வந்தாள். சிரட்டைக் காற்றுமானி! புது டீச்சரும் அதைத்தான் முதலில் செய்ய வைத்திருக்கிறாள். பத்து நாள், காலையும் மாலையும், சுற்று எண்ணிக்கை, பக்கத்தில் காற்றின் திசை. அவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். புருவம் சுருங்கியது. "என்னம்மா இது, பத்து நாளும் வடகிழக்குக் காத்துன்னு எழுதியிருக்க? ஆடி மாசத்துல வாடை எங்கேயிருந்து வரும்?"

"துணி அந்தப் பக்கம்தான்ப்பா பறந்துச்சு" என்றாள் பிள்ளை.

"துணி போற பக்கம் இல்லம்மா. காத்து எங்கேயிருந்து வருதோ அதுதான் பேரு. துணி வடகிழக்க பறந்தா காத்து தென்மேற்குலேருந்து வருது. இது கச்சான்." வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். முகத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கச் சொன்னான். இரண்டு காதிலும் ஒரே அளவு சத்தம் கேட்கிற வரை திரும்பு என்றான். இதை எந்த பி.எட். கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்? நாற்பது வருடம் ஆசிரியையாக இருந்த எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

பத்து நாள் எழுதியதையும் அவள் அடித்துத் திருத்தினாள். அப்பா ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சினிமாவாக இருந்தால் இங்கே அவன் மனம் மாறியிருப்பான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்றான். வாசல்வரை வந்து மூன்று காரியம் சொன்னான். ஐந்தரைக்குள் பெண்பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு ஆசிரியை கூடவே இருக்க வேண்டும். செல்போன் கூடாது. நியாயமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இவற்றையே மன்றத்தின் விதியாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளே, "நம் மாதிரிப் பள்ளிக்கு இது எதற்கு" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

கிறிஸ்தவப் பள்ளிக்கும் புதுக் கருவிக்கும் உள்ள உறவு நேற்று வந்தது இல்லை. 1578ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" தான் இந்திய மொழி ஒன்றில் அதன் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சிட்ட முதல் புத்தகம். அதைத் தமிழாக்கியவர் என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார். முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, நம்மைப் போன்ற கடற்கரை மக்களிடம் தமிழ் கற்றவர். அன்றைய கம்ப்யூட்டர் என்றால் அச்சு இயந்திரம்தான். அது அரண்மனைக்கு முன் மீனவர்களுக்கு வந்தது.

ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியை உங்களில் பலருக்குத் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரி ஷ்வார்ட்ஸ் பெயரில் நிற்கிற பள்ளி. ராமேஸ்வரத்து முஸ்லிம் பையன் கலாம் அங்கேதான் உயர்நிலைப் படிப்புப் படித்தார். அங்கே தனக்கு நம்பிக்கை ஊட்டியவர் அய்யாதுரை சாலமன் ஆசிரியர் என்று "அக்னிச் சிறகுகள்" நூலில் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்தும் பிள்ளைகளுக்குப் புரியாதபோது, அவர் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப்போனார். லேபும் இல்லை, நிதியும் இல்லை. கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். அதைத்தான் நான் 2001ல் செய்யவில்லை.

தும்பா கதையும் கலாம் ஐயா பல மேடைகளில் சொன்னதுதான். 1960களில் ராக்கெட் ஏவ இடம் தேடி விக்ரம் சாராபாய் கேரளக் கடற்கரைக்கு வந்தார். பூமியின் காந்த நடுக்கோடு அங்கே போகிறது. பொருத்தமான இடத்தில் இருந்ததோ புனித மரிய மகதலேனாள் ஆலயமும் மீனவர் வீடுகளும். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் கேட்டார், மக்கள் சம்மதித்தார்கள். பல குடும்பங்கள் வீட்டை விட்டு இடம் மாறின. அது சின்ன தியாகம் இல்லை. ஆலயக் கட்டிடத்தில் அலுவலகம் நடந்தது. 1963 நவம்பர் 21ல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் மேலே போனது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். ஒரு மீனவர் ஊர் தன் கோயிலையே கொடுத்தது. நாம் ஒரு வகுப்பறையை வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்க யோசிக்கிறோம்.

2021 பிப்ரவரி 7ல் நம் ராமேஸ்வரத்திலிருந்தே பள்ளிப் பிள்ளைகள் செய்த நூறு குட்டிச் செயற்கைக்கோள்களைப் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் பலூன் ஒருநாள் பறக்கும், மறுநாள் முதல் வாரா வாரம் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் மன்றம். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை தருகிறார்கள். கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். கிடைத்ததைப் பூட்டி வைத்தால் அதுவும் நான் பூப்போட்ட உறை தைத்த கதைதான்.

மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் சொன்னதில் பாதி உண்மை. பேப்பர் இல்லாவிட்டால் தள்ளித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் மன்றத்துக்கு வரும் பிள்ளை வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வரட்டும். ஆனால் மார்க்கை வாசற்படியாக வைக்காதீர்கள். முப்பது மார்க் பிள்ளைக்குத்தான் அந்த அறை அதிகம் தேவை. தொண்ணூறு எடுக்கிற பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

செல்போன் பயமும் எனக்குப் புரிகிறது. கொரோனா காலத்தில் படிப்புக்கென்று வீட்டுக்குள் வந்த போன் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் அடுத்தவன் செய்ததை நாள் முழுக்கத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது வேறு, தானே ஒன்று செய்வது வேறு. சிரட்டையை எண்ணுகிற பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் வேறு எதுவும் கண்ணில் படாது.

இப்போது நான் உங்களிடம் கேட்பது. பணம் அனுப்ப வேண்டாம். யாரும் ஜிபே நம்பர் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன்.

உங்களில் பலர் 2011க்குப் பிறகு பிளஸ் டூ படித்தவர்கள். அரசு கொடுத்த லேப்டாப் பீரோவில் சும்மா கிடந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுங்கள். ஓடாததைப் பிரித்துப் பார்க்கக் கொடுப்போம். பின்னாடி ஒயர் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டிய பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள்.

சென்னையில், பெங்களூரில், வளைகுடாவில் வேலை பார்க்கிற பிள்ளைகள், ஊருக்கு வரும்போது ஒரே ஒரு சனிக்கிழமை வாருங்கள். சொற்பொழிவு வேண்டாம். உட்கார்ந்து ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள். தவறாகப் போனால் இன்னும் நல்லது, எப்படிச் சரிசெய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். வேறு ஊர்க் கிறிஸ்தவப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கிறவர்கள், உங்கள் பள்ளியில் பூட்டிய அறை ஏதாவது இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். இருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

பாம்பனில் இருக்கிற பெற்றோர்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் வாருங்கள். நானும் வருவேன். 2001ல் நான் செய்த தவறை எழுந்து நின்று அங்கேயும் சொல்வேன். அதற்குமேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை அந்த ஆசிரியை போன் செய்தாள். அந்தப் பிள்ளை நோட்டைக் கொண்டுவந்து காட்டியதாம். கடைசிப் பக்கத்தில் வேறு கையெழுத்தில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு காற்றின் பெயரும், திசையும், மாதமும் வரிசையாக எழுதியிருக்கிறதாம். எழுத்துப்பிழை நிறைய என்று சிரித்தாள்.

"திருத்தாதே, அப்படியே சுவரில் ஒட்டு" என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பாம்பன்